பதக்கத்துப் பெண்

மெரிலேண்ட்ஸ் ஞாயிற்றுச் சந்தையில் யேசுராசா வாங்கிவந்த வெள்ளிப் பதக்கத்தில் ஒரு பெண் மாலையோடு நின்றாள். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ஒரு நாடு தன் சிப்பாய்களுக்குக் கொடுத்ததாம். அவன் அதைத் தினமும் பற்பொடி போட்டுத் துலக்கினான்.

"என்ன வடிவான முகம்!" என்பான்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து மனைவி அஞ்சலீனாவிடம் அவன் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தோனியார் திருநாளன்று, நேர்த்திக்கடனாக வந்த வெள்ளிகளோடு அதையும் கோயிலில் அவருடைய சுரூபத்தின் கழுத்தில் போட்டுவிட்டாள். சாமிக்குக் கொடுத்ததை யார் திருப்பிக் கேட்பார்கள்?

யேசுராசா வீடெல்லாம் தேடினான். பிறகு, காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் அந்தோனியாரிடமே மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினான். அதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அவளுடைய வீட்டுச் செருப்பு அங்கே இல்லை. பதக்கம் மேசையில் கிடந்தது. பெண் நின்ற இடம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

யேசுராசா கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குசினிப் பக்கம் பார்த்துச் சிரித்தான்.

"என்ன வடிவான முகம்!" என்றான்.

குசினிக்குள்ளிருந்து அவளுடைய செருப்புச் சத்தம் வந்தது.