துடைக்காத தரை

தரையைப் பார்த்ததும் சீதேவிப்பிள்ளை வாசலிலேயே குந்திவிட்டாள்.

கதவு போயிருக்கும், ஜன்னல் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் வந்திருந்தாள். அகதி முகாமில் இருந்த நாளெல்லாம் காதில் விழுந்த கதை அதுதான். 2007 பங்குனியில் ஷெல்லுக்குப் பயந்து படுவான்கரைச் சனமெல்லாம் வாவியைக் கடந்து ஓடியதும், வெறும் வீடுகளுக்குள் யார் யாரோ புகுந்துவிட்டார்களாம். கதவைக் கழற்றினார்களாம், கூரை ஓட்டைக் கழற்றினார்களாம், தரையில் பதித்த டைல்ஸைக்கூட விடவில்லையாம்.

அவள் வீட்டு டைல்ஸ் போகவில்லை. ஆனால் அந்த வெள்ளைத் தரை முழுக்க யாரோ செங்கல் நிறத்தில் எதையோ பூசி இழுத்திருந்தார்கள். அது திட்டுத் திட்டாகக் காய்ந்து, சுவரின் அடிவரை அப்பிக் கிடந்தது.

மகள் கம்சாயினிக்குச் சீதனம் கொடுக்கக் கட்டின வீடு. மாப்பிள்ளை பகுதியார் அடுத்த கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஊருக்குப் போக விட்டதும் முதல் படகில் அவள் ஓடி வந்தது அந்தப் பயத்தில்தான்.

புருசன் அழகரத்தினம் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "குரௌட்" என்றார்.

டைல்ஸின் இடுக்குகளை நிரப்புகிற மாவு அது. டைல்ஸ் பதித்த முனாப், அந்த வேலையை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம் என்று பாடம் சொல்லிவிட்டுத்தான் போனான். தோசை மா பதத்துக்குக் கரைக்க வேண்டும். பழைய செருப்பு ரப்பரால் இடுக்குக்குள் நன்றாக அமத்த வேண்டும். இறுக முதல் ஈரத்துணியால் மேலே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தரையே அசிங்கமாகிவிடும். அவர்கள் வெள்ளைக் குரௌட் வாங்கப் போக நினைத்த கிழமைதான் ஷெல் விழத் தொடங்கியது.

வாங்காத சாமான் தரைக்கு எப்படி வந்தது?

சீதேவிப்பிள்ளைக்கு இரத்தினம்மா சொன்னது நெஞ்சில் வந்து இடித்தது. ஊரிலிருந்து கடைசியாக ஓடி வந்தவள் இரத்தினம்மா. பக்கத்து வளவுக் கந்தப்போடி, வாளியும் கையுமாக இவர்கள் வீட்டுக்குள் போவதைக் கண்டதாக முகாமில் வைத்துச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து சீதேவிப்பிள்ளைக்குச் சரியான நித்திரையில்லை.

மாடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஊரிலேயே தங்கிவிட்ட மனிதர் கந்தப்போடி. இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலிச் சண்டை. போன வருசம் வேலியைப் பிடித்துக்கொண்டு, சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து குடியேறிய இவர்களைப் பார்த்து, "வந்தான் வரத்தானுகளுக்கு இவ்வளவு திமிரா?" என்று ஊர் கேட்கக் கத்தியவர். அவரும் முனாப்பைப் பிடித்துத்தான் டைல்ஸ் பதித்தார். அவருடைய டைல்ஸும் அதற்கு வாங்கி வைத்த குரௌட்டும் செங்கல் நிறம்.

"பழி தீர்த்திருக்கார். என்ர புள்ளட வாழ்க்கையிலயா கை வைக்கிற?"

அழகரத்தினம் இப்போது போக வேண்டாம், ஆறுதலாகக் கேட்போம் என்று மறித்தார். அவள் கேட்கவில்லை. சரிந்து கிடந்த வேலியைக் கடந்து போனாள். பாதி வளவில் நடையைக் குறைத்தாள். தனி மனிதராக ஊரில் இருந்தவர், யாரோடு சேர்ந்து என்னென்ன செய்தாரோ?

கந்தப்போடி வாசற்படியில் இருந்து மாட்டுக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"எங்கட வீட்டுக்குள்ள ஏன் போனீங்க?"

அவர் மறைக்கவில்லை. "ஓம் புள்ள. நான்தான் பூசின."

வாயில் வந்ததையெல்லாம் அவள் சொன்னாள். குமரின் பாவம் சும்மா விடாது என்றாள். மாப்பிள்ளை பகுதியாரிடம் எந்த முகத்தோடு இந்தத் தரையைக் காட்டுவது என்று கேட்டாள். அவள் மூச்சு வாங்கும் வரை அவர் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

வந்தவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தடி வீடுகளில்தான் கைவைத்தார்களாம். இடுக்கு நிரப்பாத டைல்ஸ் உளியைக் கொடுத்ததும் முழுசு முழுசாகக் கிளம்பி வந்ததாம். நிரப்பின வீட்டில் அலவாங்குக் கம்பி போட்டுக் கிண்டியும் எல்லாம் உடைந்து நொறுங்கியதால், உதவாது என்று விட்டுவிட்டுப் போனார்களாம். அதைக் கண்ட பிறகுதான் அவர் வாளியைத் தூக்கினார்.

"துடைக்கோணும் எண்டு தெரியாது புள்ள. எனக்கு முனாப் ஒண்டும் சொல்லித் தரல்ல. கண்ணும் சரியாத் தெரியிறல்ல."

சீதேவிப்பிள்ளை அப்போதுதான் அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் பார்த்தாள். கதவில்லாத அந்த வீட்டில் ஒரு டைல்ஸ்கூட இல்லை. பெயர்த்தெடுத்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகச் சீமெந்துத் தழும்பு.

"உங்கட தரை..?"

"அடுத்த நாளே வந்து கிளப்பிக்கொண்டு போயிட்டாங்கள். என்னட்ட இருந்தது ஒரு பை குரௌட்தானே. ஒரு வீட்டுக்குத்தான் காணும்."

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அத உங்கட வீட்டுக்குப் பூசியிருக்கலாமே, அண்ணன்?"

கந்தப்போடி கயிற்றின் நுனியை முடிந்தார்.

"எனக்கு வீடு போறது இதுதான் முதல் தரம். நீங்க செட்டிபாளையத்தில ஒரு வீட்டக் கடலுக்குக் குடுத்திட்டு வந்தாக்கள்."