காருக்கு அடியில்

"மழையைக் காரில் உட்கார்ந்துதான் ரசிக்கணும். இவங்கல்லாம் ஏன்தான் நனையறாங்களோ!"

தெருவில் நின்ற காருக்கு அடியில் மூன்று குட்டிகளோடு ஒண்டியிருந்த செவலை நாய்க்கு இது கேட்டது. பேசியது கேட்டுக்குள் நின்ற வீட்டு நாய் சீசர்.

"நாங்களும் உங்க காரில்தான் இருக்கோம் அண்ணே. அடியில."

"அங்கே ஏசி வருமா?"

"இன்ஜின் சூடு வரும். உங்க ஐயா இப்போதான் கொண்டாந்து நிறுத்தினார், மகராசன். குட்டிங்க நடுக்கம் நின்னு தூங்குதுங்க."

சீசர் குனிந்து பார்த்தது.

வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். "சீசர், வா, உனக்கு மழை காட்டக் கூட்டிட்டுப் போறேன்."

செவலை பதறிப்போய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டது.

சீசர் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.