கல் கட்டிய புடலங்காய்

நோர்பரித் தேவாலய மண்டபத்தில் அறுவடை ஏலம் நடக்கிறது. இந்தக் குளிர்நாட்டில், வீட்டுப் பின்வளவுக் கண்ணாடிக் குடிலில் காய்த்த ஒரேயொரு புடலங்காயைப் புனிதா காணிக்கையாகக் கொண்டுவந்திருக்கிறாள். யாரும் ஏலம் கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். ஏலம் கூறும் அருள்தாசன் அண்ணை காயை உயர்த்துகிறார். ஜன்னல் வெயிலில் அதன் வெள்ளைக் கோடுகள் மினுங்குகின்றன. நேராக வளரட்டுமென்று நுனியில் கட்டிய கல்லை அவள் அவிழ்க்க மறந்துவிட்டாள், அது ஊஞ்சலாடுகிறது. “கல்லுக்கும் சேர்த்தோ பிள்ளை விலை?” என்று அவர் கேட்க, மண்டபமே சிரிக்கிறது. புனிதா தலைகுனிகிறாள். பின்வரிசையில் ஒருவர் ஏலம் கேட்கிறார். காசைக் கொடுத்துவிட்டு, வாங்கிய காயை மேசையிலேயே வைத்து, “கர்த்தருக்குத்தான் அண்ணை, திரும்பக் கூறுங்கோ” என்கிறார். அடுத்தவரும் அப்படியே செய்கிறார். காய் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருவதைப் புனிதா நிமிர்ந்து பார்க்கிறாள். கடைசியாக வாங்கிய ரூபி அக்கா கல்லை அவிழ்த்துப் புனிதாவின் உள்ளங்கையில் வைக்கிறாள். “பத்திரமா வச்சிரு. வாற வருசமும் கட்டவேணும்.”