கிளி சொன்ன ஓகே

கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி ஒன்று காட்டில் ஒரு மரப்பொந்தில் குடியிருந்தது. யார் எதைக் கேட்டாலும் "ஓகே" என்று சொல்லும்.

ஒரு சாயங்காலம் மேகம் மரங்களின் மேலேயே இறங்கி வந்து, காடு முழுக்கப் புகைபோல் மிதந்தது. காற்றில் கூட்டை இழந்த அணில், குட்டிகளோடு வந்து நின்றது.

"மழை பெய்து ஓயும்வரை உன் பொந்தில் இடம் தருவாயா?"

"ஓகே," என்றது கிளி, நகராமலே.

"அப்படியென்றால் என்ன?"

கிளி யோசித்தது. "நான் இருந்த வீட்டில் அப்பா போனை வைக்கும் அவசரத்தில் அதைச் சொல்வார். மகள் சந்தோஷத்தில் சொல்வாள். அம்மா அழுது முடித்த பிறகு சொல்வாள். யாரோ விளையாட்டாகப் பிழையோடு எழுதியதில் பிறந்த சொல் என்பார் அப்பா. இல்லை, கப்பலேறி வந்த ஏதோ ஊர்ப் பாஷை என்பாள் மகள்."

"நீ சொன்னது எந்த ஓகே?"

முதல் துளிகள் விழுந்தன. குட்டிகள் நடுங்கின. பொந்தில் எல்லோருக்கும் இடம் போதாது.

கிளி மெல்ல வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தது. அணில் வேறெதுவும் கேட்காமல், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி உள்ளே வைத்தது. மழையில் நனைந்தபடி கிளி கண்ணை மூடிக்கொண்டது.