திறந்திருந்த மூடி

இரண்டாம் உலகப் போரில் விழுந்து இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பில் புதைந்துபோன விமானத்தைத் தோண்டியெடுத்துச் சீரமைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படமெடுப்பது என் வேலை. விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடி துருவேறி இறுகிக் கிடந்தது. யாராலும் அசைக்க முடியவில்லை. பக்கவாட்டு ஓட்டை வழியாகச் சேற்றையெல்லாம் அள்ளியும் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

என் படங்களில் மட்டும் மூடி திறந்திருந்தது. கேமராவை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் திறந்தே இருந்தது.

விமானியின் தங்கை எனிட், தொண்ணூறைத் தாண்டியவர், சக்கர நாற்காலியில் வந்து படங்களைக் கேட்டார். மறைக்க மனம் வரவில்லை.

“செட்ரிக்குக்குத் தண்ணின்னாலே பயம். உள்ளயே தவிச்சிருப்பானேன்னு இத்தன வருஷமா அழுதேன். வெளிய வந்துட்டான் பாரு தம்பி!”

தலையாட்டினேன். தேநீர் ஆறும்வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்புறம் ஏம்ப்பா வீட்டுக்கு வரல?”