தெரேஸ் வீட்டு நட்சத்திரம்

"கிறிஸ்மஸ் பொழுதே சாயப்போவுது. ஒரு துண்டு கேக்கு வந்துச்சா, மாமா?"

மருமகள் ஹேமலதா கேட்டாள். தெய்வசிகாமணி டீயை ஆற்றினார்.

மனைவி சின்னப்பொண்ணு ஆடியில் இறந்துபோனாள். அவள் இருந்தவரை, பக்கத்து வீட்டு தெரேஸ் கிறிஸ்மஸ் பூசை முடிந்ததும் கேக்கோடு நேராக இங்கேதான் வருவாள். பொங்கல் பானையிலிருந்து முதல் கரண்டி தெரேஸ் வீட்டுக்குப் போகும்.

"சாவு விழுந்த வீடு, நாம எண்ணெச்சட்டி வைக்கக்கூடாதுன்னு தீபாவளிக்குத் தெருவே பலகாரம் கொண்டாந்து குடுத்துச்சு. அந்தம்மா எட்டிப் பாத்தாங்களா? இப்ப ஸ்டாரு கூட போடல. சாவு வீட்டுக்காரங்க கண்ணு பட்டுடுமாம்!"

"அவங்க வேதக்காரங்கம்மா. நம்ம முறையெல்லாம் அவங்களுக்கு எங்க தெரியும்?"

"முறை தெரியலன்னா போவட்டும். மனசு கூடவா இல்ல?"

 சின்னப்பொண்ணோடு அந்த உறவும் போய்விட்டதோ என்று காலையிலிருந்து அவரும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்.

சட்டையை மாட்டினார். ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் உங்க அத்தைதான் போயி வாழ்த்து சொல்லுவா. இந்த வருஷம் நான் போறேன். வரதுன்னா வா."

முணுமுணுத்துக்கொண்டே ஹேமலதாவும் பின்னால் வந்தாள்.

அவர்கள் ஊரான குருசுக்குப்பத்தில் வேதக்காரர் வீடுகளில் எல்லாம் நட்சத்திரம் எரிந்தது. தெரேஸ் வீட்டு வாசல் மட்டும் இருட்டு. உள்ளே அவள் பழைய சேலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. வா ஹேமா."

"நல்ல நாளும் அதுவுமா ரசஞ்சோறா?" ஹேமலதா கேட்டுவிட்டாள்.

"பூசைக்கு மட்டும் போயிட்டு வந்தேன். சாவு விழுந்தா ஒரு வருஷத்துக்கு நல்ல நாள் கொண்டாடக்கூடாதுல்ல? பலகாரமும் சுடக்கூடாது. அவ மாமியா செத்தப்ப சின்னப்பொண்ணுதான் சொன்னா. அதான் தீபாவளிக்கும் ஒண்ணும் செய்யல."

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ தெரேசம்மா! அது எங்களுக்கு. எங்க பங்காளிங்களுக்கு. உங்களுக்கு ஏது?"

தெரேஸின் முகம் வாடியது.

"அவ என்னை அக்கான்னுதானே கூப்புட்டா?"

தெய்வசிகாமணி பழத்தை அவள் பக்கத்தில் வைத்தார். 

"உனக்கு ஒண்ணும் தெரியாது ஹேமா, சும்மா இரு. அக்கா சொல்றதுதான் நம்ம முறை."