சொன்ன பேச்சு கேட்காத படகு

அவள் இடப்பக்கம் திருப்பினாள். படகு வலப்பக்கம் போனது.

ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி விசையை இழுத்தாள். குளத்தின் நடுவே அந்த வெள்ளைப் பாய் அவளைச் சட்டை செய்யாமல் கரையோர நாணலை நோக்கியே நகர்ந்தது.

"என்னம்மா, பேட்டரி போயிடுச்சா?" பக்கத்தில் தன் படகை ஓட்டிக்கொண்டிருந்த தச்சர் கேட்டார்.

"காலையிலதாண்ணே புதுசு போட்டேன்!"

இலையுதிர்காலத்தின் கடைசிப் பந்தயம். முதலில் வருபவர் ஊர் ரிமோட் படகு கிளப் சார்பில் வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். அவளுக்கும் நாத்தனாருக்கும்தான் நிஜமான மோதல். மற்றவர்கள் எல்லாம் வெகு பின்னால்.

வீட்டில் மாமியார் மூட்டு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். வீட்டுக்காரருக்கு வேலை கப்பலில். "ஜெயிக்கிறவ போகட்டும், தோக்கிறவ என்கூட இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னதே மாமியார்தான்.

கல்யாணமான நாளிலிருந்து மருந்துக் கடையையும் அடுப்பையும் விட்டு அவள் தனியாக எங்கும் போனதில்லை. யாருக்கும் தெரியாமல் பரணிலிருந்து பெட்டியைக்கூட இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

கடைசி மிதவை வரை அவள்தான் முன்னால். அங்கே காற்று சுழன்றடித்து, தண்ணீர் முழுக்கப் பழுப்பு இலைகளைக் கொட்டியது. ஒரே அச்சில் செய்த இரண்டு படகுகளும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒட்டிக்கொண்டு மிதவையைச் சுற்றின. பிரிந்து வெளியே வந்ததும் இந்தச் சண்டித்தனம் ஆரம்பித்துவிட்டது.

"திரும்பித் தொலையேன், சனியனே!" இடம், வலம், மறுபடி இடம் என்று விசையை உலுக்கினாள். எல்லைக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்த மற்றப் படகு குடித்தவன்போல் தள்ளாடியது. ஒரு நொடி அவளுக்குள் நப்பாசை எட்டிப் பார்த்தது.

நாத்தனார் நாலடி தள்ளி நின்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற வாய். "அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை குடுக்க உங்களை விட்டா யாரு அண்ணி இருக்கா?" என்று காலையிலிருந்து சீண்டிக்கொண்டிருந்த வாய்.

அது இப்போது உதட்டைக் கடித்தபடி மூடிக் கிடந்தது. ஜெயிக்கப் போகிறவளுக்கு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது!

படகு நாணலுக்குள் மூக்கை நுழைத்து நின்றேவிட்டது.

அவ்வளவுதான். விசையிலிருந்து கையை எடுத்து, ரிமோட்டைப் புல்லில் வைத்தாள். மற்றப் படகு தள்ளாட்டம் தெளிந்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நூல் பிடித்ததுபோல் ஓடியது.

எல்லைக் கோட்டில் விசில் ஊதினார்கள். கரையில் கைதட்டல் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நாத்தனாரிடம் போனாள். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொள்ள முடிந்தது.

"சந்தோஷமா போயிட்டு வா. அத்தையை நான் பாத்துக்கறேன்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிண்டலா அண்ணி? நாணல்ல மாட்டிக்கிட்டது என் போட்!"